தட்டைப்பயறில் எது நல்ல ரகம்?

தட்டைப்பயறு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பயறுதான். சில ஊர்ல தட்டாம்பயறு, சில ஊர்ல காராமணி என்பார்கள். பெயரைப் போலவே விதையும் பலவிதம்: வெள்ளை, சிவப்பு, பழுப்பு, கறுப்பு, புள்ளி போட்டது, கறுப்புக் கண் வைத்தது. சில செடி குத்தாக நிற்கும், சில கொடியாகப் படரும். காய்கறிக் கடையில் விற்கும் நீளக் காராமணியும் இதே இனம்தான்!

இதில் எது நல்ல ரகம்? "நிறைய காய்க்கிறதுதான்"னு சட்டுனு சொல்லிடுவோம். ஆனா அதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. சிவப்பு ஒரு பாத்தி, வெள்ளை ஒரு பாத்தி போடுகிறோம். சிவப்பு அதிகம் காய்த்தால் அது ஜெயிச்சிருச்சா? அந்தப் பாத்தி வாய்க்கால் ஓரமா இருந்திருக்கலாமே! அதனால்தான் ஆராய்ச்சிப் பண்ணைகளில் ஒவ்வொரு ரகத்தையும் 3 அல்லது 4 பாத்திகளில் விதைக்கிறார்கள். எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்கிறார்கள். ஒரே நாள், ஒரே இடைவெளி. கடைசியில் சராசரி பார்க்கிறார்கள்.

எதையெல்லாம் குறிக்க வேண்டும்?

1. எத்தனை நாளில் பூத்தது?
2. செடிக்கு எத்தனை காய்? காய்க்கு எத்தனை விதை?
3. 100 விதையின் எடை எவ்வளவு?
4. மழை தவறியபோது தாங்கியதா?
5. அசுவினி, நோய் வந்ததா?
6. சேமித்த விதையில் வண்டு துளை போட்டதா?

எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்கும் ரகம் கிடைப்பது அபூர்வம். குத்துச்செடி சீக்கிரம் விளையும். கொடி தாமதமானாலும் நிலத்தை மூடி, மாட்டுக்குத் தீவனமும் தரும். அதனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

இதற்கு ஒரு உதாரணம். தட்டைப்பயறின் தாய்வீடு ஆப்பிரிக்கா. அங்கே சுடுமல்லி வகைக் களை ஒன்று தட்டைப்பயறின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சிவிடும். அதைத் தாங்கும் குணம் 'பி 301' என்ற ரகத்தில் கிடைத்தது. அது ஆய்வகத்தில் பிறந்தது இல்லை, போட்ஸ்வானாவின் நாட்டு ரகம்! அதோடு ஒட்டுச் சேர்த்துப் புதிய ரகங்களை உருவாக்கினார்கள். நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள சர்வதேச நிறுவனத்தில் இப்படி 15,000-க்கும் மேற்பட்ட தட்டைப்பயறு மாதிரிகளைக் குளிரூட்டிப் பாதுகாக்கிறார்கள்.

நம்ம வீட்டுப் பானைக்கு அந்த வசதி இல்லை. ரெண்டு மூணு வருஷம் விதைக்காமல் விட்டால் முளைப்புத்திறன் போயிடும். வண்டு புகுந்தால் அதற்கும் முன்னாடியே போயிடும். ஆனா ஒரு நல்ல செய்தி: தட்டைப்பயறில் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான். எடுத்து வைக்கும் விதை தாய்ச்செடி போலவே முளைக்கும்.

ஆகவே நண்பர்களே, உங்க பாட்டி, தாத்தாகிட்ட கேட்டு ஒரு பிடி விதை கொண்டு வாங்க. ஊர், வீட்டில் சொல்லும் பெயர், விதைக்கும் மாதம் மூன்றையும் காகிதப் பையில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்க. ஆடிப்பட்டத்தில் பள்ளித் தோட்டத்தில் சீட்டுக் குலுக்கிப் போடுவோம்!