மலப் பரிசோதனை: வெட்கம் விடுத்து நோயறிவோம்

பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் முதியவர் ஒருவருக்கும் கிள்ளானில் வசிக்கும் சிறுவன் ஒருவனுக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு ஏற்படுவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயிற்றுவலி; இருவருக்கும் சோர்வு. ஆயினும், முதியவரின் நோய்க்குச் சரியாக வேகாத கோழி இறைச்சியில் இருந்த சால்மோனெல்லா பாக்டீரியா காரணமாக இருக்கலாம். சிறுவனைத் தாக்கியது ரோட்டா வைரஸாக இருக்கலாம். பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாட்டிக் மருந்து வைரஸை அழிக்காது. அறிகுறி ஒன்றாக இருப்பதனால் காரணமும் ஒன்றாகிவிடாது. அக்காரணத்தைக் கண்டறிய உதவுவதே மலப் பரிசோதனை.

இதன் அருமையை நம் நாட்டு வரலாறே உணர்த்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலரின் உயிரை மலேரியாவும் சீதபேதியும் பறித்தன. அசுத்தமான குடிநீரும் முறையான கழிப்பறை இல்லாமையும் சீதபேதியைப் பரப்பின. இந்நோயில் இரு வகை உண்டு. ஒன்று அமீபா என்னும் ஒற்றைச்செல் உயிரியாலும் மற்றொன்று ஷிகெல்லா என்னும் பாக்டீரியாவாலும் வருவது. இரண்டிலும் மலத்தோடு சளியும் இரத்தமும் வெளியேறும். ஆனால், அமீபா வகைக்கு அக்காலத்தில் தரப்பட்ட எமெட்டின் மருந்து மற்ற வகையைக் குணப்படுத்தாது. மேலும், அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது. எனவே, தவறான கணிப்பு நோயாளிக்கு இரட்டைத் தீங்காக முடிந்தது.

கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம் இத்தகைய வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்தது. அங்குப் பணியாற்றிய வில்லியம் ஃபிளெட்சரும் மார்கரெட் ஜெப்ஸ் அம்மையாரும் ஐக்கிய மலாய் மாநிலங்களின் சீதபேதியைப் பற்றி 1924ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டனர். நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்ட மலத்துளி, இரு நோய்களையும் பிரித்தறிய வழிகாட்டியது.

இன்றும் பரிசோதனை நுண்ணோக்கியில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. அதன்வழி அமீபா, ஜியார்டியா, குடற்புழுக்களின் முட்டைகள் ஆகியவற்றைக் காணலாம். பாக்டீரியாவைக் கண்டறிய, மலத்தின் சிறு பகுதியை ஊட்டப்பொருள் நிறைந்த தட்டில் இட்டு வளர்ப்பர். இதற்குச் சில நாள்கள் தேவைப்படும். வளர்ந்த கிருமியை எந்த மருந்து அழிக்கும் என்பதையும் சோதிப்பர். பி.சி.ஆர். முறையோ கிருமியின் மரபணுவைச் சில மணி நேரத்திலேயே இனங்காட்டிவிடும்.

வயிற்றுப்போக்கு கண்ட அனைவருக்கும் இப்பரிசோதனை தேவையில்லை. பெரும்பாலோர் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பருகி ஓய்வெடுத்தாலே தேறிவிடுவர். ஆனால், மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ, நோய் பல நாள் நீடித்தாலோ மருத்துவரை நாட வேண்டும். ஒரே உணவை உண்ட பலர் நோயுற்றாலும் பரிசோதனை அவசியமாகும்.

மாதிரியைச் சேகரிப்பதில் கவனம் தேவை. மருத்துவமனை தரும் தூய்மையான புட்டியிலேயே அதை எடுக்க வேண்டும். சிறுநீரோ கழிப்பறை நீரோ அதில் கலந்துவிடக் கூடாது. இயன்றவரை ஆண்டிபயாட்டிக் மருந்து உண்பதற்கு முன்பே மாதிரியை எடுப்பது நன்று. பெயரையும் நேரத்தையும் எழுதி, தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். காலம் கடந்தால் அமீபா அசைவற்றுச் சிதைந்துவிடும்; பிறகு அதை அடையாளம் காண்பது கடினம்.

இம்முடிவுகள் நோயாளிக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, காலரா கண்டவரைப் பற்றி மருத்துவர் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். சுங்கை பூலோவிலுள்ள தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் போன்றவை கிருமியை உறுதிப்படுத்த உதவுகின்றன. அதன் பின்னர், நோய் பரப்பிய உணவையோ நீரையோ தேடிக் கண்டுபிடித்துப் பிறரைக் காக்கலாம்.

மாதிரியைக் கொடுக்கப் பலர் கூச்சப்படுகின்றனர். 'இதைப் போய் எப்படிக் கொண்டு செல்வது?' எனத் தயங்கி, வீட்டில் எஞ்சியிருக்கும் மாத்திரையை விழுங்குவோரும் உளர். நோயின் காரணம் அறியாமல் நம் முன்னோர் பலர் தோட்டங்களில் மாண்டனர். இன்று அதை அறியும் வழி நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கூச்சம் அதற்குத் தடையாகலாமா?