"மிஸ்" படுத்தும் பாடு!

தென்கொரியாவில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். பேரன் அமெரிக்காவில் பிறந்தவன். அவனுக்குக் கொரிய மொழி வராது. பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. "உன்னை நினைத்து ஏங்குகிறேன்" என்று அவனுக்குக் கடிதம் எழுத வேண்டும். எப்படி எழுதுவாள்?

அங்கே இப்படிப்பட்ட பாட்டிகள் பலர். 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியது. அதன் பிறகு ஏராளமான கொரியர்கள் அங்கே போய்க் குடியேறினார்கள்.

இதற்கு இங்கிலீஷில் "ஐ மிஸ் யூ" என்பார்கள். மூன்றே சொல். ஆனால், கொரியருக்கு இது எளிதில் பிடிபடுவது இல்லை.

ஒரு சொல், பல பொருள்

பஸ்ஸைத் தவற விட்டாலும் "மிஸ்"தான். கல்யாணம் ஆகாத பெண்ணும் "மிஸ்"தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ வாத்தியாரம்மாதான் "மிஸ்"!

கொரிய மொழியில் பஸ்ஸைத் தவற விடுவது "நோச்சிதா". கையில் பிடித்தது நழுவினாலும் அதே சொல்தான். ஆளை நினைத்து ஏங்குவது வேறு. அது "போகோ சிப்தா". "பார்க்க ஆசை" என்று அர்த்தம்.

அதை அப்படியே இங்கிலீஷாக்கி "ஐ வாண்ட் டு சீ யூ" என்று எழுதினால் என்ன ஆகும்? இலக்கணப் பிழை இல்லை. ஆனால், படிப்பவன் "எப்போது வரட்டும்?" என்று கேட்பான்!

தாய்க்கும் "யூ"

"யூ" என்பது இன்னும் சங்கடம். கொரியர்கள் பெற்ற தாயிடம் "நீ" என்றோ "நீங்கள்" என்றோ பேச மாட்டார்கள். "அம்மா, பார்க்க ஆசை" என்றுதான் சொல்வார்கள். "நான்" என்பதும் வேண்டியது இல்லை. இங்கிலீஷில் இரண்டும் வந்தாக வேண்டும். தாய்க்கும் "யூ", நாய்க்கும் "யூ"!

138 நாள்

"பார்க்க ஆசை" என்பது கொரியருக்கு வெறும் பேச்சு அல்ல. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் குடும்பங்கள் சிதறின. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூடத் தெரியாது.

1983 ஜூன் 30 அன்று, அவர்களைத் தேடும் நிகழ்ச்சியைக் கே.பி.எஸ். டெலிவிஷன் தொடங்கியது. உறவினரின் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு மக்கள் வந்து குவிந்தார்கள். 138 நாட்களில், 453 மணி 45 நிமிடம் ஒளிபரப்பானது. 10,189 குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. முப்பது ஆண்டுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தார்கள். கட்டிப் பிடித்துக் கதறினார்கள்.

இந்த "பார்க்க" என்பது "மிஸ்" என்ற சொல்லில் இல்லை.

ஆகவே, பாட்டி "ஐ மிஸ் யூ" என்று எழுதட்டும். கீழே "ஐ வாண்ட் டு சீ யூ" என்றும் எழுதட்டும். "எப்போது வரட்டும்?" என்று பேரன் கேட்டால், பாட்டிக்கு வேண்டியதும் அதுதானே!