திசுத் துண்டு சொல்லும் செய்தி



கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை, வாரக்கணக்காகியும் கரையவில்லை. மருத்துவமனைக்குச் சென்றால், சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். "கத்தி பட்டால் நோய் பரவிவிடும்" என்று அஞ்சி வீடு திரும்புவோர் உண்டு. "ஒரு துண்டுச் சதையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்போரும் உண்டு. அதற்கான விடையை இன்று காண்போம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. வீட்டைத் தூணும் உத்தரமும் தாங்குவதுபோல, ஒவ்வோர் உயிரணுவின் வடிவத்தையும் மெல்லிய புரத இழைகள் தாங்குகின்றன. இவற்றைக் கட்டமைப்புப் புரதங்கள் என்கிறோம். எல்லா வீட்டுக்கும் ஒரே மரத்தில் தூண் நடுவதில்லை அல்லவா? தோலிலும், மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்படலத்திலும் இருப்பது கெரட்டின். நம் முடியும் நகமும் இந்த இனத்துப் புரதத்தால் ஆனவையே. தசையில் இருப்பது டெஸ்மின். நிணநீர்க் கணுக்களில் உள்ள வெள்ளணுக்களிலோ பொதுவாகக் கெரட்டின் இருப்பதில்லை.

ஓர் உயிரணு புற்றாக மாறினாலும், தன் பிறந்த வீட்டுத் தூணைப் பெரும்பாலும் கைவிடுவதில்லை. எனவே தூண் எதுவென்று தெரிந்தால், நோய் பிறந்த இடத்தை ஊகிக்கலாம். ஆனால் வெவ்வேறு புற்றணுக்கள் நுண்நோக்கியில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். இங்கேதான் எதிர்ப்பொருள்கள் உதவுகின்றன.

அந்நியப் பொருள் உள்ளே புகுந்தால், அதைப் பற்றிப் பிடிக்க உடல் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. தடுப்பூசி போட்ட குழந்தையின் உடலில் நிகழ்வதும் இதுவே. மனிதக் கெரட்டினை ஒரு முயலுக்கோ சுண்டெலிக்கோ ஊசி மூலம் செலுத்தினால், கெரட்டினைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கிடைக்கிறது. எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைக்கும் வழியை 1941இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் காட்டினர். 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலி அணுவை ஓயாது பெருகும் புற்றணுவுடன் இணைத்தனர். அதனால் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு பெற முடிந்தது. 1984இல் இவ்விருவரும் நீல்ஸ் யெர்னேயும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி ஆய்வுக்கூடத்திற்குச் செல்வோம். சதைத் துண்டை மருந்து நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, மெழுகில் புதைக்கிறார்கள். பிறகு மிக மெல்லிய சீவல்களாகச் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 250 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஒரு சீவலின் கனம்! அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, எதிர்ப்பொருளை இடுகிறார்கள். கெரட்டின் இருந்தால் அது பற்றிக்கொள்ளும்; இல்லையேல் கழுவும்போது போய்விடும். பற்றிய இடங்களில் மட்டும் பழுப்பு நிறம் தோன்றுமாறு சாயம் ஏற்றுகிறார்கள். வெட்ட வேண்டிய மரங்களில் சாயம் பூசி அடையாளமிடுவது போன்றதே இது.

கழுத்துக் கட்டியின் புற்றணுக்கள் பழுப்பேறினால், மூக்கு, தொண்டை போன்ற உட்படலம் ஒன்றிலிருந்து நோய் வந்திருக்கலாம் என்று அங்கே தேடுவர். பழுப்பேறாமல், வெள்ளணுவுக்குரிய வேறு புரதம் தென்பட்டால் அது நிணநீர்ப் புற்றாகலாம். மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுக்கு முதன்மையான சிகிச்சை கதிர்வீச்சு. நிணநீர்ப் புற்றுக்குப் பெரும்பாலும் மருந்து. அடையாளம் தவறினால் சிகிச்சையும் தவறும்.

எதிர்ப்பொருளும் சில வேளை பிறிதொன்றைப் பற்றிவிடும். ஆகவே, கெரட்டின் உண்டென்று தெரிந்த திசுவையும், இல்லையென்று தெரிந்த திசுவையும் உடன் வைத்து ஒப்பிடுவர். பல எதிர்ப்பொருள்களையும் பயன்படுத்துவர். முடிவு வரச் சில நாள் ஆவது இதனால்தான்.

கழுத்துக் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. காசநோயாலும் கட்டி வரும். துண்டு எடுப்பதால் நோய் பரவுவது மிக மிக அரிது. இன்ன நோயென்று அறியாமல் காலங்கடத்துவதே பெருங்கேடு. மூன்று வாரத்தில் கரையாத கட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். சோதனை முடிவைக் கேட்டுப் பெறுங்கள்; ஐயம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.