மாதவிலக்கு நிற்கும் பருவமும் அதன்பின் உடல்நலமும்

பூப்பெய்துதல் எவ்வாறு பெண்ணின் வாழ்வில் இயற்கையான மாறுதலோ, அவ்வாறே மாதவிலக்கு நிற்பதும் இயற்கையான மாறுதலே ஆகும், அது நோயன்று. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிலக்கு தோன்றாதிருப்பின், அது முற்றிலும் நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46 அல்லது 47 வயதில் நேர்கிறது. மேலை நாடுகளில் இச்சராசரி 51 வயதாகும்.

1951ஆம் ஆண்டையொட்டி இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளே. இன்று பெண்களின் சராசரி ஆயுள் 70 ஆண்டுகளைக் கடந்துள்ளது. எனவே மாதவிலக்கு நின்ற பின்னரும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வாழ்க்கை எஞ்சியுள்ளது. அவ்வாண்டுகள் நலமாகக் கழிய வேண்டுமாயின், இப்பருவத்தில் தோன்றும் மாறுதல்களை மூன்றாகப் பகுத்தறிதல் வேண்டும். அவையாவன: காலப்போக்கில் தாமே தணிவன, உணவாலும் உழைப்பாலும் தடுக்கத்தக்கன, சிறிதும் தாமதியாது மருத்துவரிடம் காட்ட வேண்டுவன.

உடலில் நிகழ்வது யாது?

பெண்குழந்தை பிறக்கும்போதே அதன் சூற்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் அமைந்துள்ளன. பூப்பெய்தும் காலத்தில் மூன்று அல்லது நான்கு லட்சமே எஞ்சுகின்றன. நாற்பது வயதிற்குமேல் இவை விரைந்து குறையவே, சூற்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோனும் குறைகின்றது. இக்குறைவு ஒரே சீராக நிகழ்வதில்லை. ஏறியும் இறங்கியும் நிகழ்கிறது. ஆதலின், முற்றிலும் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் மாதவிலக்கு முறை தவறி வரும்.

முறை தவறினும் கருத்தரிக்கும் வாய்ப்பு நீங்குவதில்லை. 50 வயதிற்கு உட்பட்டவர்கள் கடைசி மாதவிலக்கிற்குப்பின் இரண்டு ஆண்டுகளும், 50 வயதைக் கடந்தவர்கள் ஓராண்டும் கருத்தடை முறையைக் கைவிடலாகாது.

தாமே தணிவன

மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதியொன்று உண்டு. ஈஸ்ட்ரோஜென் குறையும்போது அப்பகுதி மிகக் கூரிய உணர்ச்சி கொள்கிறது. உடல் வெப்பம் சிறிதே உயர்ந்தாலும், அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. முகமும் கழுத்தும் மார்பும் திடீரெனத் தகிப்பது இதனாலேயே. சில நிமிடங்களில் தகிப்பு அடங்கினும், இரவில் இது பன்முறை நிகழ்ந்தால் உறக்கம் கெடும். உறக்கம் கெடின் எரிச்சலும் மறதியும் சோர்வும் தொடரும். இதனைக் குணக்கேடு என வீட்டார் கருதுதல் தவறு.

இத்தொல்லை சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்று உறுதி கூறுவதும் சரியன்று. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அடிக்கடி இத்தகிப்பு உற்றவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததாகத் தெரியவந்தது.

எளிய முறைகள் சில துணை செய்யும். தளர்ந்த பருத்தி ஆடை அணிதல், காற்றோட்டமான இடத்தில் உறங்குதல், மிகுந்த காரத்தையும் மாலைக்குப்பின் காப்பி, தேநீரையும் குறைத்தல் ஆகியவை அவை. எவ்வுணவு உண்டபின் அல்லது எச்சூழலில் தகிப்பு எழுகிறது என்பதை ஒவ்வொருவரும் தாமே குறித்து வைத்தல் நன்று. மிகுந்த உடற்பருமனைக் குறைத்தலும் பயன் தரும். புகையிலையை எவ்வடிவிலும் நீக்குதல் வேண்டும். புகைப்பிடிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது. யோகப் பயிற்சி உறக்கத்திற்கும் மன அமைதிக்கும் உதவுகிறது. சோயா மொச்சையில் ஈஸ்ட்ரோஜெனை ஒத்த பொருள்கள் உள்ளன. எனினும் அவற்றால் விளையும் பயன் சிறிதே.

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. உட்பொருள்கள் இன்னவை என்று குறிப்பிடப்படாத பொடிகளையும் மாத்திரைகளையும் உண்ணலாகாது. அன்றாட வேலையே தடைப்படும் அளவிற்குத் தொல்லை மிகுந்தால், மருத்துவரின் மேற்பார்வையில் ஹார்மோன் சிகிச்சை பெறலாம். 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் முடிவுகள் இச்சிகிச்சையைப்பற்றிப் பேரச்சத்தை விளைவித்தன. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகளால், 60 வயதிற்கு உட்பட்டு, மாதவிலக்கு நின்று பத்தாண்டுகள் ஆகாதவர்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி என்பது தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டி நோயோ உற்றவர்களுக்கு இது பொதுவாக ஏற்றதன்று.

உணவாலும் உழைப்பாலும் தடுக்கத்தக்கன

தகிப்பு தன்னைத்தானே அறிவிக்கும். எலும்பின் தேய்வோ ஓசையின்றி நிகழும். எலும்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது. கரைதலைக் கட்டுப்படுத்தும் ஈஸ்ட்ரோஜென் குறைந்தவுடன், ஆக்கத்தைவிட அழிவு மிகுகிறது. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குவரை குறையக்கூடும். பல ஆண்டுகளுக்குப்பின் சிறிது தடுக்கி விழுந்தாலும் மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறியும்போதே குறை வெளிப்படுகிறது.

இப்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வரையறுத்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், கால் லிட்டர் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராமும் உள்ளன. இவ்விரண்டாலேயே தேவையில் பாதிக்குமேல் கிட்டுகிறது. எஞ்சியதைத் தயிர், எள், கீரை, முள்ளோடு உண்ணத்தக்க சிறு மீன் ஆகியவற்றால் நிறைவு செய்யலாம். தசை நலிவைத் தடுக்கப் பருப்பு, பயறு, முட்டை முதலிய புரத உணவும் வேண்டும். சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி இன்றியமையாதது. வெயில் நிறைந்த நம் நாட்டிலும் இக்குறைபாடு பரவலாக உள்ளமையால், கைகளிலும் முகத்திலும் அன்றாடம் வெயில் படுதல் நன்று. மாத்திரை உண்போர் இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் உண்ணலாகாது; ஒன்றன் ஏற்பை மற்றது தடுக்கும்.

சுமை தாங்கும்போதே எலும்பு வலுப்பெறும். வாரத்தில் ஐந்து நாள்கள் அரை மணி நேரம் விரைந்து நடத்தலும், இரு நாள்களேனும் தசைக்கு வலிமை தரும் பயிற்சி செய்தலும் வேண்டும். இதே பழக்கங்கள் இதயத்திற்கும் காவலாகும். மாதவிலக்கு நின்றபின் கெட்ட கொழுப்பு இரத்தத்தில் மிகுவதால், பெண்களுக்கும் இதய நோய் வரும் வாய்ப்பு உயர்கிறது.

தாமதியாது காட்ட வேண்டுவன

மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் தோன்றினும் அதனைப் பொருட்படுத்துதல் வேண்டும். அவ்வாறு இரத்தப்போக்கு உற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் காணப்படுகிறது. தொடக்கத்திலேயே அறியின் அது பெரும்பாலும் குணமாகக்கூடியது. இரத்தப்போக்கு நிற்பதற்குமுன் பெருகுவது இயல்பே எனக் கூறி நாளைக் கடத்துவது பெருந்தீங்கை விளைவிக்கும். 40 வயதிற்குமுன் மாதவிலக்கு நின்றாலும் மருத்துவரை நாடவேண்டும்.

இதற்கு மாறான தவறும் நம் நாட்டில் நிகழ்கிறது. தொல்லை தீரும் என்றெண்ணி இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொள்வோர் பலர். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு மூவர் இவ்வறுவைக்கு உட்பட்டவர்கள். சூற்பைகளும் உடன் அகற்றப்படின், படிப்படியாக வரவேண்டிய மாறுதல் ஒரே நாளில் வந்துவிடுகிறது. எலும்புத் தேய்வும் முன்கூட்டியே தொடங்குகிறது. தேவையற்ற அறுவையைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் கைக்கொள்ள வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் ஆணையிட்டது. எனவே அறுவைக்கு இசையுமுன் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்குமாறு அறிவுறுத்தல் வேண்டும்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

மகப்பேறு முடிந்த பெண்கள் நலவாழ்வு நிலையத்தை நாடுவது அரிது. ஆகவே ஊழியர்கள் இல்லம் காணச் செல்லும்போது, நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் தனிமையில் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று: கடைசி மாதவிலக்கு எப்போது? அதன்பின் இரத்தப்போக்கு உண்டா? இரவில் உறக்கம் வருகிறதா? இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் சோதனைகள் 30 வயதிற்கு மேற்பட்டோர்க்கு அரசு நலவாழ்வு நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன என்பதையும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசிரியர்கள் தாய்மார் கூட்டங்களில் இப்பொருளைத் தயக்கமின்றி எடுத்துரைக்கலாம். வளரும் சிறுமியரின் எலும்பு உரம்பெறும் காலமும் பள்ளிப் பருவமே; அப்போது சேரும் உரமே முதுமையில் அவர்களைத் தாங்கும்.