புல் வளர்ந்தால் கடிதம் வரும்

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி பக்கம் வீடு வாங்கிய தமிழர் யாரிடமாவது, குடிபோன முதல் வருஷம் வந்த தபால்களில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வங்கிக் கடிதத்தைச் சொல்ல மாட்டார், ஹெச்.ஓ.ஏ. லெட்டரைத்தான் சொல்வார். காரை விட்டு இறங்காமலே எடுத்த ஒரு படம், அதன் மூலையில் தேதி, கீழே இரண்டு வரி: குப்பைத்தொட்டி தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிறது, வேலி வெளுத்துப்போய் இருக்கிறது, சாயம் பூசவும். இத்தனை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அபராதம். முப்பது வருஷக் கடன் நம் தலையில், வாசல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது மட்டும் ஹெச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கம்.

இந்த அதிகாரம் நேற்று முளைத்ததல்ல. 1947-இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் லெவிட்டவுனைக் கட்டத் தொடங்கியது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வாங்கியவர்கள் வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது, சனி ஞாயிறில் துணி காயப்போடக் கூடாது. அதே நிறுவனத்தின் ஆரம்ப ஒப்பந்தங்களில் இன்னொரு ஷரத்தும் இருந்தது: வீட்டு வேலைக்காரர் தவிர, வெள்ளையர் அல்லாதவர் யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. புல்லுக்கும் சரி, மனிதருக்கும் சரி, சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: வீட்டு விலை இறங்கிவிடும். இப்படிப்பட்ட இன ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைச் சட்டம் தடுத்தது 1968-இல். மனிதரைத் தடுத்த விதி ஒழிந்தது, புல்லைப் பற்றிய விதி தங்கிவிட்டது. இன்று அந்தப் புல்லை வெட்டச் சொல்லி லெட்டர் வாங்குவது நம்மைப் போன்றவர்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

1970-இல் அமெரிக்கா முழுவதும் அடுக்குமாடிச் சங்கங்களையும் சேர்த்து சுமார் 10,000 சங்கங்கள்தான் இருந்தன. இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பூங்கா, குளம், நீச்சல் குளம், சில இடங்களில் உள்தெரு என்று எல்லாவற்றின் பராமரிப்புச் செலவையும் குடியிருப்பவர் தலையிலேயே கட்டிவிடலாம் என்பது நகராட்சிகளுக்கு வசதி. கட்டுநருக்கோ, கடைசி வீடு விற்கும்வரை முதல் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். புது வீடு வாங்குபவருக்குப் பல ஊர்களில் சங்கம் இல்லாத வீடு கிடைப்பதே அரிது.

டெக்சாஸில் முன்பெல்லாம் லெட்டர் வந்தால் வந்ததுதான். ஏன், எந்த விதி என்று கேட்கிற பழக்கம் நம்மவரிடம் இல்லை. விசாவில் இருக்கிறோம், எதற்கு வம்பு என்று காசைக் கட்டிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். பயத்துக்கும் காரணம் இருந்தது. 2008-இல் ஃபிரிஸ்கோவில் ஒரு ராணுவ கேப்டன் ஈராக்கில் பணியில் இருந்தபோது, சுமார் 800 டாலர் சங்கச் சந்தா பாக்கிக்காக அவருடைய மூன்று லட்சம் டாலர் வீடு 3,500 டாலருக்கு ஏலத்தில் போனது. பிறகு வழக்குப் போட்டு, சமரசத்தில் வீட்டைத் திரும்பப் பெற்றார். அது சந்தா விவகாரம், வேலிச் சாயம் அல்ல. ஆனாலும் செய்தியைப் படித்தவர்களுக்கு எல்லா லெட்டரும் ஏல நோட்டீஸாகத்தான் தெரிந்தது. நீதிமன்றப் படி ஏறாமலே வீட்டை ஏலம்விட அன்று சங்கங்களால் முடிந்தது.

2011-இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதில் கைவைத்தது. சந்தா பாக்கிக்கு ஏலம் என்றாலும் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றானது. வெறும் அபராதப் பாக்கிக்காக வீட்டை ஏலம்விட முடியாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இது நம்மவர் பலருக்கு இன்றும் தெரியாது. சூரியத் தகடுகளைப் பொதுவாகத் தடுக்கக் கூடாது என்றும் அதே ஆண்டு சட்டம் வந்தது. கூரையில் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று சங்கம் சொல்லலாம். ஆனால் வேறு பக்கம் வைத்தால் ஆண்டு மின் உற்பத்தி பத்து சதவீதத்துக்கு மேல் கூடும் என்று காட்டினால், உங்கள் பக்கம்தான் செல்லும்.

அதே ஆண்டு வந்த இன்னொரு மாற்றம் வாசற்கதவைப் பற்றியது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். யூதர்கள் கதவுநிலையில் பதிக்கும் மெசூசாவை சிகாகோவில் ஒரு அடுக்குமாடிச் சங்கம் பிடுங்கிப் போட, அந்த வழக்கு 2009-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு வரைக்கும் போனது. டெக்சாஸின் 2011 சட்டம் கதவிலும் நிலையிலும் சமயச் சின்னம் வைக்க அனுமதித்தது. அளவு? மொத்தம் 25 சதுர அங்குலம். அதாவது அஞ்சுக்கு அஞ்சு. மெசூசாவுக்குப் போதும், ஒரு சின்னப் பிள்ளையாருக்கும் போதும். மூன்றடி நிலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தொங்கும் மாவிலைத் தோரணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு தோரணம் கட்ட அளவுகோல் தேட வேண்டிய நிலை பத்து வருஷம் நீடித்தது. 2021-இல் அந்த அளவு நீங்கியது. பொதுப் பாதுகாப்புக்கு ஊறு இல்லாமல், எல்லைக்கோட்டை ஒட்டி விடவேண்டிய இடத்தில் வராமல் இருந்தால், கதவில் மட்டுமல்ல, உங்கள் மனையிலேயே சமயச் சின்னம் வைக்கலாம். கோலத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. கோலத்துக்கு லெட்டர் வந்ததாக நானும் கேள்விப்படவில்லை.

அடுத்தது புல். ஆகஸ்டில் நூறு டிகிரிக்கு மேல் வெயில். நகராட்சி தண்ணீர் விடக் கட்டுப்பாடு போடும், சங்கம் புல் காய்ந்துவிட்டது என்று லெட்டர் போடும். இருவர் சொல்லையும் ஒருசேரக் கேட்க யாரால் முடியும்? 2013-இல் வறட்சி தாங்கும் செடிகளையும் தண்ணீரை மிச்சப்படுத்தும் புல்வகைகளையும் தடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சங்கம் வரைபடத்தைக் கேட்கலாம், காரணமில்லாமல் மறுக்கக் கூடாது. 2025-இலிருந்து, தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ள காலத்திலும் அது முடிந்து 60 நாள் வரையிலும் காய்ந்த புல்லுக்கு அபராதம் கிடையாது. மேரிலாந்திலும் வண்ணத்துப்பூச்சிக்கும் தேனீக்கும் தோட்டம் போட்ட ஒரு தம்பதி சங்கத்தோடு மல்லுக்கட்டியதில் 2021-இல் ஒரு சட்டமே வந்தது. புல்தரைதான் வேண்டும் என்று அங்கே இனி வற்புறுத்த முடியாது.

எல்லாம் மாறிவிடவில்லை. வேலியின் சாயம், முன்கதவின் நிறம், ஆலங்கட்டி மழைக்குப் பிறகு மாற்றும் கூரை ஓட்டின் நிறம் எல்லாம் இன்றும் சங்கத்தின் கையில்தான். எங்கள் தெருவில் வேலிக்குப் பழுப்பில் ஒரே ஒரு சாயல்தான் அனுமதி. அதே டப்பாவைத்தான் எல்லோரும் வாங்குகிறோம். புது செடார் பலகையில் பூசினால் தேன் நிறம், பத்து வருஷப் பலகையில் பூசினால் காப்பி டிகாக்‌ஷன். ஒரே நிறம் என்பது டப்பாவின் மேல்தான் இருக்கிறது, அதற்கும் ஒரு ஃபார்ம் நிரப்பித்தான் ஆக வேண்டும். இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் கதவுக்கு ஊதா அடித்தால் முதலில் புகார் கொடுப்பவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

மாறியது நடைமுறை. டெக்சாஸில் அபராதத்துக்கு முன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வர வேண்டும். அது அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் விசாரணை கேட்கலாம். விசாரணைக்குப் பத்து நாள் முன்பே, சங்கம் காட்டப்போகும் படங்களும் ஆவணங்களும் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தானாகவே 15 நாள் தள்ளிப்போகும். 2024-இலிருந்து எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியலையும் வெளியிட வேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜூலையிலிருந்து, உடல்நலமோ பாதுகாப்போ சம்பந்தப்படாத மீறலுக்கு ஒன்றுக்கு 100 டாலர்தான் உச்சம்.

நம்மவரும் மாறியிருக்கிறார்கள். முன்பு வாட்ஸ்அப் குழுவில், "அண்ணா, உங்களுக்கும் லெட்டர் வந்துச்சா? எவ்வளவு கட்டினீங்க?" என்பதோடு பேச்சு முடியும். இப்போது, "எந்த செக்‌ஷன்னு போட்டிருக்கான், பாருங்கண்ணா. படத்துல தேதி இருக்கா?" என்று ஆரம்பிக்கிறது. சில தெருக்களில் சங்க போர்டிலேயே நம்மவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்திலும் லெட்டர் வருகிறது. "தமிழ்க்காரர்தானே, பார்த்து விடக்கூடாதா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "விட்டா நாளைக்கு நீங்களே என் மேல புகார் போடுவீங்க சார்" என்று பதில் வந்தது. நியாயமான பதில்.

லெட்டர் வந்தால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தேதியைப் பாருங்கள், விதி எண்ணைப் பாருங்கள். குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினாலே பாதி விவகாரம் அன்றே முடிந்துவிடும். ஆறு மாதத்துக்குள் அதே தவறை மறுபடி செய்தால், திருத்திக்கொள்ள அவகாசம் தராமலே அபராதம் போட டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஏற்க முடியாத லெட்டர் என்றால் விசாரணையை எழுத்தில் கேளுங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. முக்கியமாக, அனுமதிச் சீட்டு கைக்கு வராமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.