முயல்குட்டி சம்பாதித்த நிலம்

தாய்மார்களே, சம்பளம் வாங்கிய கையோடு பட்டணத்துக்குப் போகிறீர்கள். பொம்மைக் கடை வாசலில் உங்கள் பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. கதைப் புத்தகத்தில் பார்த்த முயல், அங்கே கோப்பையிலும் தட்டிலும் சிரிக்கிறது. "இதற்கா இவ்வளவு விலை?" என்று முணுமுணுத்துக்கொண்டே பணப்பையைத் திறக்கிறீர்கள். இந்த வியாபாரத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பெண் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவர் பெயர் பியட்ரிக்ஸ் பாட்டர். 1866-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் முப்பது வயதைத் தாண்டியும் பெற்றோர் வீட்டில், அவர்கள் சொற்படிதான் வாழ வேண்டியிருந்தது.

1893-இல், நோயில் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு ஆறுதலாகக் கடிதம் எழுதினார். அதில் பீட்டர் என்ற குறும்புக்கார முயலின் கதையைப் படங்களோடு சொன்னார். பிறகு அதையே புத்தகமாக்க முயன்றபோது பதிப்பாளர்கள் பலர் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். அவர் சோர்ந்து போகவில்லை. 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சடித்தார். மறு வருடமே ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. புத்தகம் அமோகமாக விற்றது.

அவருடைய கெட்டிக்காரத்தனத்தை இனிமேல்தான் பாருங்கள். 1903-இல் துணியை வெட்டித் தைத்து, தம் கையாலேயே ஒரு முயல் பொம்மை செய்தார். மீசைக்குப் பிரஷ்ஷிலிருந்து முடியைப் பிடுங்கி வைத்தார். அந்த வருடம் டிசம்பரிலேயே லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் அதைப் பதிந்தும் வைத்தார். பிறகு பலகை விளையாட்டு, சுவர்க் காகிதம், வர்ணம் தீட்டும் புத்தகம் என்று சரக்குகள் பெருகின.

பதியாமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கும் அவர் கதையே சாட்சி. அமெரிக்காவில் புத்தகத்தின் உரிமையைப் பதியப் பதிப்பாளர் தவறிவிட்டார். அங்கே யார் யாரோ அச்சடித்து விற்றார்கள். அந்தப் பிரதிகளால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை.

வந்த காசை அவர் ஆடம்பரத்தில் கரைக்கவில்லை. 1905-இல், வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் 'ஹில் டாப்' என்ற பண்ணையை வாங்கினார். பின்னர் அக்கம்பக்கத்துப் பண்ணைகளையும் ஒவ்வொன்றாக வாங்கி ஆடு வளர்த்தார். 1917-இல் பதிப்பகம் நொடித்துப் போகும் நிலைக்கு வந்தபோது, புதிய புத்தகம் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்த உதவினார்.

1943-இல் அவர் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். நிலம் துண்டாடப்படாமல், பண்ணைகள் பண்ணைகளாகவே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தோட்டம் துண்டாடப்பட்டால் குடும்பங்கள் என்ன பாடுபடும் என்பதை நமக்குச் சொல்லித் தரவேண்டுமா?

உங்கள் கையிலும் தொழில் இருக்கிறது. தையல் உண்டு, பின்னல் உண்டு, பலகாரம் உண்டு. "பொழுதுபோக்குக்குச் செய்கிறேன்" என்று அதைத் தாழ்த்திக்கொள்ளாதீர்கள். வரவு செலவை எழுதி வையுங்கள். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் உழைப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.