மனைவிக்கு அளிக்கும் சம்பளமும் வருமானவரியும்

நம் நாட்டில் சிறு கைத்தொழிலோ வியாபாரமோ தொடங்குவோர் பெரும்பாலும் குடும்பத்தினரின் உழைப்பையே முதலாகக் கொள்கின்றனர். கணவன் கொள்முதலுக்காக ஊரூராய் அலைய, மனைவி கணக்கெழுதுவாள். வாடிக்கையாளர்க்கு விடை எழுதுவாள். கூலி நாளில் பணம் எண்ணிக் கொடுப்பாள். தொழில் வளர்ந்து கம்பெனியாகப் பதிவு பெற்றபின் இவ்வுழைப்புக்கும் ஒரு சம்பளம் குறித்தல் நேர்மையென்றே தோன்றும். கம்பெனியின் இலாபம் அத்தொகையளவு குறையும். அத்தொகை மனைவியின் தனி வருமானமாய்த் தாழ்ந்த விகிதத்தில் அமையும். ஆதலின் இருவகையாலும் நன்மையுண்டென்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவில் உண்மை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வருமானம் மிக மிக வரியின் விகிதமும் உயருமாதலின், ஒருவருடைய வருமானத்தை இருவருடையதாகப் பிரித்துக் காட்டினால் வரி குறையும். பெயரளவில் மனைவியைப் பங்காளியாக்கி இவ்வாறு செய்யும் வழக்கத்தை 1936-இல் வெளியான வருமானவரி விசாரணை அறிக்கை எடுத்துக் காட்டிற்று. அதன்மேல் 1937-இல் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பெற்று, கணவன் பங்காளியாயுள்ள கூட்டு வியாபாரத்தில் மனைவி பெறும் பங்கு கணவன் வருமானத்தோடு சேர்த்தெண்ணப்பட்டது. அச்சட்டம் மனைவி என்றே கூறியதேயன்றிக் கணவனைக் கூறவில்லை. சேர்த்தெண்ணுதற்குரியவர் ஆடவரே என்று 1957-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டமோ கணவன் மனைவி இருவர்க்கும் பொதுவான சொல்லை ஆண்டமையால், மனைவி நடத்தும் கம்பெனியில் கணவன் சம்பளம் பெறினும் விதி ஒன்றே. நாம் எளிமை கருதிக் கணவனே உடைமையாளன் என வைத்துப் பேசுவோம்.

சம்பளத்தைப் பற்றிய விதி 1975-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்து, 1976 ஏப்ரல் முதல் அமலாயிற்று. கணவனுக்குக் கணிசமான உரிமையுள்ள ஸ்தாபனத்திலிருந்து மனைவி பெறும் சம்பளம், கமிஷன், கட்டணம் முதலிய எவ்வகை ஊதியமும் கணவன் வருமானமாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஆம் பிரிவில் நின்ற இவ்விதி, அதற்கு ஈடாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைபெறுமாறு வகுக்கப்பெற்ற 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. கணிசமான உரிமையாவது, கம்பெனியாயின் வாக்குரிமையில் நூற்றுக்கு 20 விகிதத்துக்குக் குறையாத பங்குகளை உடைமை. ஏனைய ஸ்தாபனங்களில் இலாபத்தில் அவ்வளவு பாத்தியதை. இதனைக் கணக்கிடும்போது மனைவி, உடன்பிறந்தார், முன்னோர், வழித்தோன்றல்கள் ஆகியோரின் பங்குகளும் கூட்டப்படும். ஆகவே கணவன் தன் பெயரில் 10 விகிதமே வைத்துக்கொண்டு 15 விகிதத்தை மனைவியின் பெயருக்கு மாற்றிவிடுதலால் இவ்விதியினின்று தப்ப இயலாது.

இவ்விதிக்கு விலக்கு ஒன்றுண்டு. மனைவி தொழில்நுட்பத் தகுதியோ உயர்தொழிற்குரிய தகுதியோ உடையளாய், அவ்வூதியம் முற்றிலும் அவ்வறிவையும் அனுபவத்தையும் பயன்படுத்தியதனால் விளைந்ததாயின், அது அவளுடைய வருமானமாகவே நிற்கும். ஊன்றி நோக்கத்தக்க இடம் இதுவே. அவள் மெய்யாகவே உழைத்தாள் என்று காட்டினால் போதாது; எவ்வறிவைக் கொண்டு உழைத்தாள் என்பதையும் சட்டம் வினவுகின்றது. மருந்து வணிகம் செய்யும் கம்பெனியில் மருந்தாளுநர் பயிற்சி பெற்ற மனைவி அத்தொழிலையே செய்யின் விலக்குக்கு உரியவளாவாள். அவளே அங்குப் பொட்டலம் கட்டும் வேலையை மட்டும் மேற்பார்ப்பாளாயின், சான்றிதழ் கையிலிருந்தும் பயன் அரிது.

தகுதி என்றால் பட்டமோ பட்டயமோ இருந்தே தீரவேண்டுமா? 1985-இல் வெளியான ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத் தீர்ப்பு, பட்டம் இன்றியமையாததன்று, தொழிலிற் பெற்ற திறமையும் தகுதியாகலாம் என்று கொண்டது. 1994-இல் வெளியான பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்போ, மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பும் கணக்கும் பார்த்துவந்த அவர் மனைவியாரின் சம்பளத்தை மருத்துவர் வருமானத்தோடே சேர்த்தது. பல்லாண்டு பேரேடு எழுதித் தேர்ந்த பெண்மணியின் நிலை இவ்விரண்டுக்கும் இடையில் ஊசலாடுகின்றது. வெறும் பெயருக்குச் சம்பளம் காட்டுவோரைத் தடுக்கப் பிறந்த விதி, நாள்தோறும் விளக்கேற்றும் வரை கடையில் நின்று உழைப்பவளையும் அதே கோலால் அளப்பது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை. அவ்விடத்தில் அயலாள் ஒருவனை அமர்த்தினால் இக்கேள்வியே எழாது.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவாம். 2025-26 நிதியாண்டில், 25 விகித வரி செலுத்தும் சிறு கம்பெனியொன்று, உடைமையாளர் மனைவிக்கு ரூ. 6,00,000 சம்பளம் அளித்தது எனக் கொள்க. கம்பெனிக்கு மிச்சமாகும் வரி, 4 விகித மேல்தீர்வை உட்பட, ரூ. 1,56,000. மனைவிக்கு வேறு வருமானமில்லையாயின், புதிய வரித்திட்டத்தில் நிலைக்கழிவு ரூ. 75,000 போக எஞ்சும் ரூ. 5,25,000-க்கு, வரித் தள்ளுபடியின் பயனாக அவள் ஒன்றும் செலுத்த வேண்டுவதில்லை. விலக்குப் பொருந்தினால் குடும்பத்துக்கு இவ்வளவும் ஆதாயமே. பொருந்தாதாயின், அந்த ரூ. 5,25,000 கணவனுடைய வருமானத்தின் தலைமேல் ஏறும். அவனுக்கு முன்னரே வரிக்குரிய வருமானம் ரூ. 30,00,000 இருந்தால், 30 விகிதமும் மேல்தீர்வையும் சேர்ந்து ரூ. 1,63,800 கூடுதலாகும். கம்பெனி மிச்சப்படுத்தியது முழுதும் போய், ரூ. 7,800 கையிழப்பும் நேர்கின்றது.

இனிச் சம்பளத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். செய்யும் வேலைக்குச் சந்தையிற் கிடைக்கும் ஊதியத்தினும் மிகுதியாக உறவினர்க்கு அளித்தால், மிகுதித் தொகையைக் கம்பெனியின் செலவாக ஏற்க மறுக்க வரி அதிகாரிக்கு அதிகாரமுண்டு. மறுக்கப்பட்ட தொகைக்குக் கம்பெனி வரி செலுத்தும். பெற்றவர் கணக்கில் அது சம்பளமாகவே நிற்கும். ஒரே பணம் இருமுறை வரிக்குள்ளாவது இவ்வாறே. ஆதலின் நியமனக் கடிதம், செய்த வேலையின் குறிப்பு, தகுதிச் சான்று, ஒத்த வேலைக்குப் பிறர்க்கு அளிக்கும் ஊதியம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பத்திரப்படுத்துதல் நலம். பணத்தையும் வங்கி வழியாகவே மாதந்தோறும் செலுத்துக. ஒரே நாளில் ஒருவர்க்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாக அளித்த செலவு பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

கணவன் மனைவி இருவர்க்குமே கணிசமான உரிமையிருந்து, இருவரும் தகுதியின்றிச் சம்பளம் பெற்றால், அவ்விரு சம்பளங்களும் ஏனைய வருமானம் மிக்கவர் யாரோ அவரிடமே சேரும். கணவன் தானே உழைத்துப் பெற்ற சம்பளமும், மனைவிக்கு வீட்டு வாடகை முதலிய வரவுகள் மிகுந்திருப்பின், அவள் வருமானமாய்விடும் என்பது விந்தை. இச்சேர்ப்பெல்லாம் வரிக்கணக்குக்கு மட்டுமே. பணத்தின் சொந்தம் மாறுவதில்லை. ஆயினும் சேர்க்கப்பட்ட தொகைக்குரிய வரியைக் கணவனிடமன்றி மனைவியிடமே நேராகத் தண்டவும், அவளுக்கு அறிவிப்பு அனுப்பிய பின்னர், சட்டம் இடங்கொடுக்கின்றது.